சார்... சர்குலர்!

வகுப்பு சூடு பிடித்திருக்கும் நேரம். கரும்பலகையில் சமன்பாடு பாதியில் நிற்கிறது. வாசலில் அலுவலக உதவியாளர், நீள நோட்டு ஒன்றை மார்போடு அணைத்தபடி, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நிற்பார். "சார்... சர்குலர்!" பேராசிரியர் சாக்பீஸை வைத்துவிட்டு நோட்டை வாங்கி ஒரே மூச்சில் படிப்பார். தேர்வுக் கட்டணத்தை அபராதமில்லாமல் கட்ட இன்ன தேதி, அபராதத்தோடு கட்ட இன்ன தேதி. ஓரத்தில் ஒரு கையெழுத்து. நோட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடும். கடைசி பெஞ்சில் பாதிப் பேர் காதில் அது விழுந்திருக்காது. பஸ் கிடைக்காமல் அன்றைக்கு வராத பிள்ளைக்கு அப்படி ஒரு சர்குலர் வந்ததே தெரியாது. ஆனால் அலுவலகக் கணக்குப்படி அந்த வகுப்பில் எல்லோருக்கும் அறிவித்தாயிற்று. அதுதான் கையெழுத்து இருக்கிறதே!

நம் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இப்படித்தான் ஓடுகின்றன. பாடத்திட்டம், ஆய்வு, தரவரிசை என்று வெளியே பேசுவதெல்லாம் ஒரு பக்கம். உள்ளே இருப்பவருடைய நாளை நகர்த்துவது அறிவிப்பு. பணம் எப்போது கட்டுவது, எந்த ஹாலில் உட்காருவது, அறையை எத்தனை மணிக்குள் காலி செய்வது, ஞாயிற்றுக்கிழமை சிக்கனுக்கு டோக்கன் எதுவரை கிடைக்கும்... எல்லாமே தாளில்தான் வரும். தாள் ஒழுங்காகத்தான் வருகிறது. அது யாரிடம் போய்ச் சேர்கிறது, யாரிடம் சேராமல் நின்றுவிடுகிறது என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

கடற்கரைச் சாலையில் ஒரு பலகை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல், கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்கள் பிறந்த அதே ஆண்டில், சட்டம் போட்டுத் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது பாடம் நடத்தவில்லை. கல்லூரிகள் பாடம் நடத்தின. பல்கலைக்கழகம் தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது. பாடம் நடத்தவும் பல்கலைக்கழகங்களுக்கு வழி திறந்தது 1904ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஆக, ஏறக்குறைய முதல் அரை நூற்றாண்டுக்கு அதன் முழு நேர வேலையே அறிவிப்பதுதான்: இன்ன பாடம், இன்ன தேதியில் தேர்வு, தேறியவர்கள் இவர்கள். கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்து 1879ல் கட்டி முடித்த பல்கலைக்கழக செனட் ஹவுஸின் வண்ணக் கண்ணாடிகளை இன்றைக்கும் அண்ணாந்து பார்க்கிறோம். அந்த மாளிகையை எழுப்பிய நிறுவனம் அடிப்படையில் ஒரு தேர்வு அலுவலகம் என்பது மறந்துபோகிறது.

சேப்பாக்கம் வளாகத்துக்கு முற்பகலில் போய்ப் பாருங்கள். 1981ல் தொடங்கிய தொலைநிலைக் கல்வி நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. வந்து நிற்பவர்கள் கையில் பிளாஸ்டிக் ஃபைல், தோளில் பை, கண்ணில் இரவுப் பயணத்துத் தூக்கக் கலக்கம். புரொவிஷனல் சான்றிதழ், மைக்ரேஷன், தொலைந்துபோன மதிப்பெண் பட்டியலுக்கு நகல், வேலை கொடுத்த இடத்தில் கேட்கும் உண்மைத்தன்மைச் சான்று என்று ஆளுக்கொரு தேவை. ஜன்னலுக்குப் போவதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் பலகை முன்னால் நிற்கிறார்கள்.

இந்தப் பலகைகளை எந்த வளாகத்தில் பார்த்தாலும் ஒரே சாயல்தான். கண்ணாடிக் கதவு, அதற்கொரு சின்னப் பூட்டு, சாவி ஒரே ஒரு எழுத்தரிடம். அவர் லீவு என்றால் புது அறிவிப்பு கண்ணாடிக்கு வெளியே செலோ டேப்பில் தொங்கும். உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாகத் தாள்கள், வெங்காயத் தோல் மாதிரி. மேலே இருப்பதை நகர்த்தினால் போன செமஸ்டர், அதற்கும் கீழே போன வருஷம். ந.க. எண், நாள், பொருள், பார்வை என்று வரிசை பிசகாமல் வந்து, கடைசியில் 'ஒம்/-' போட்டுப் பதிவாளர் பெயர். அதற்கும் கீழே நகல் யார் யாருக்கு என்ற பட்டியல்: துறைத் தலைவர்கள், விடுதிக் காப்பாளர், நிதி அலுவலர், கோப்பு. எத்தனையோ பேருக்கு நகல் போகிறது. மாணவருக்கு என்று ஒரு வரி இருக்காது. அவருக்குத்தான் பலகை இருக்கிறதே!

மொழி இன்னொரு கூத்து. 1924 முதல் 1936 வரை பாடுபட்டு ஆறு தொகுதிகளில் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகம்தான். ஆட்சிமொழிச் சட்டம் 1956லேயே வந்துவிட்டது. இருந்தும் இங்கு மட்டுமல்ல, மாநிலம் முழுக்கவே தேர்வு தொடர்பான சுற்றறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை, சேர்ந்த முதல் மாதமே அந்த அலுவலக ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டு பணம் கட்டியாக வேண்டும். புரியாமல் போனால் அபராதம்.

விரலால் தேடும் பெயர்

பலகை முன்னால் கூட்டம் நெருக்கியடிப்பது இரண்டு பட்டியல்களுக்கு. ஒன்று ரிசல்ட், அது இணையத்துக்குப் போய்விட்டது. இன்னொன்று வருகைப் பதிவு குறைந்தவர்கள் பட்டியல். அது இன்னும் சுவரில்தான் இருக்கிறது. 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். பல பல்கலைக்கழகங்களில் 65க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றோடு கண்டொனேஷன் கட்டணம் கட்டித் தப்பிக்கலாம். அதற்கும் கீழே போனால் இந்த செமஸ்டர் ஹால் டிக்கெட் கிடையாது. பட்டியல் ஒட்டிய பத்து நிமிடத்தில் கண்ணாடி முழுக்க விரல் தடம். கிண்டலும் கேலியுமாக வந்தவன் தன் பதிவெண்ணில் விரல் நின்றதும் பேச்சை நிறுத்துவான். அப்புறம் துறைத் தலைவர் அறை வாசலில் ஒரு வரிசை நிற்கும். அறுவடைக்கு ஊருக்குப் போனவன், காலையில் பேப்பர் போட்டுவிட்டு இரண்டாவது ஹவருக்கு வருபவன், அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொண்டவள், சினிமாவுக்குப் போனவன் என்று எல்லோரும் அதே வரிசையில்தான். சதவீதம் அவர்களைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

பணம் கைக்கு வரும் அறிவிப்புகளும் உண்டு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று கொடுக்க வேண்டிய நாள், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வந்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் (2022 செப்டம்பர்), மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் (2024 ஆகஸ்ட்). இவற்றுக்கெல்லாம் விவரம் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும், பள்ளிச் சான்று வேண்டும், தேதி தவறக் கூடாது. மாதம் ஆயிரம் ரூபாய் யாருக்கு அவசியமோ அவர்தான் பெரும்பாலும் மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவராகவும் இருக்கிறார். அறிவிப்பு மூன்றரைக்கு ஒட்டப்படுகிறது.

தமிழ்நாட்டு மாணவர்கள் கொண்டாடிய ஓர் அறிவிப்பைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை குறைப்பட்டுப் போகும். 2020 ஆகஸ்ட் 26. கொரோனா காலம். இறுதி செமஸ்டர் தவிர, கட்டணம் கட்டியிருந்தால் அரியர் தேர்வுகள் எழுத வேண்டாம், தேர்ச்சிதான் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அரியர் வைத்திருந்தவர்கள் ஊர் ஊராகப் பேனர் கட்டினார்கள்; மீம்கள் பறந்தன. ஏ.ஐ.சி.டி.இ. ஆட்சேபித்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது, கடைசியில் தேர்வு வைக்கத்தான் வேண்டியிருந்தது. வளாகத்தின் எந்தப் பலகையிலும் ஒட்டாமலேயே அந்த அறிவிப்பு ஒரே மணி நேரத்தில் கடைசி ஆள்வரை போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விஷயம் இனிப்பாக இருந்தால் தானே ஓடுகிறது. கசப்பான தேதிகளுக்குத்தான் கால் இல்லை.

அனைவரும் வருக!

பலகையில் யாரும் நின்று படிக்காத தாள் ஒன்று உண்டு. முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு அறிவிப்பு. ஆய்வாளர் பெயர், ஆய்வுத் தலைப்பு, நெறியாளர், வெளியிலிருந்து வரும் தேர்வாளர், நாள், நேரம், இடம். ஆய்வேட்டின் நகல் துறை நூலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி. ஆர்வமுள்ளோர் கலந்துகொள்ளலாம் என்று இன்னொரு வரி. நாலைந்து வருஷ உழைப்பைச் சபை நடுவில் வைத்து, யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லும் நல்ல ஏற்பாடு இது.

நடப்பது என்ன? ஆய்வாளர் ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே அலைவது ஸ்லைடுக்காக மட்டுமல்ல; ஸ்வீட், மிக்சர், டீக்கும் சேர்த்துத்தான். பல இடங்களில் மதியம் பிரியாணியும் உண்டு. ஃபெலோஷிப் இல்லாதவர் இதற்குக் கடன் வாங்குகிறார். அரங்கில் முன் வரிசையில் துறை ஆசிரியர்கள், நடுவில் பட்டுப்புடவை கட்டிய அம்மா, மஞ்சள் பையோடு அப்பா, பின்னால் 'ஆள் வேண்டும்' என்று அழைத்து வரப்பட்ட முதுகலை மாணவர்கள். தேர்வாளர் சில கேள்விகள் கேட்பார். அவையோரிடமிருந்து கேள்வி உண்டா என்றதும் எழுகிறவர் பெரும்பாலும் வாழ்த்துரைதான் வழங்குவார். மகள் டாக்டர் ஆகிவிட்டாள் என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பொதுமக்களைப் பல்கலைக்கழகம் உண்மையாகவே உள்ளே கூப்பிடும் சில அறிவிப்புகளில் இதுவும் ஒன்று. அதற்குப் பொதுமக்கள் வருவதில்லை. வரலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்கும் இதே கதிதான். தமிழறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளை தம் தாயார் சொர்ணம்மாள் பெயரில் அறக்கட்டளை வைத்தார். அவரைப்போல எத்தனையோ பேர் சேமிப்பைக் கொடுத்து, வருஷம் ஒரு நல்ல பேச்சு நடக்கட்டும் என்று விட்டுப் போனார்கள். இப்போது நிதியாண்டு முடியும் மார்ச்சில் ஒரே நாளில் மூன்று அறக்கட்டளைகளை 'நடத்தி முடிக்கும்' துறைகளும் இருக்கின்றன. அழைப்பிதழ் காலையில் ஒட்டப்பட்டு மதியம் கூட்டம் நடக்கும். சுவரொட்டி ஒட்டிப் பேச்சு கேட்கக் கூட்டம் சேர்த்த ஊரில் இப்படி நடப்பது எனக்கு ஆறவே இல்லை.

விடுதி தனி ராஜ்ஜியம்

அலுவலகப் பலகையில் பதிவாளர் ஆங்கிலம் என்றால் விடுதிப் பலகையில் சாதாரணத் தமிழ், பேனாவால். "தண்ணீர் 7 மணி வரை மட்டும்." "தட்டை அறைக்கு எடுத்துச் செல்லாதீர்." "டோக்கன் இல்லாமல் சிக்கன் கேட்டு சண்டை போடாதீர்." மாத முடிவில் மெஸ் பில். மொத்தச் செலவைத் தலைக்கு வகுக்கும் டிவைடிங் முறையில் இந்த மாதம் எவ்வளவு வந்தது என்பதுதான் விடுதியின் மிகப் பெரிய செய்தி. கூடவே பாக்கி வைத்தவர்கள் பட்டியல், பெயரோடும் அறை எண்ணோடும். இந்தப் பழக்கத்தை நிறுத்தியே ஆக வேண்டும். கடனாளியின் பெயரைச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒட்டிவைத்தால் அவன் உள்ளே வந்து எப்படிச் சாப்பிடுவான்?

சென்னை ஐ.ஐ.டி.யில் விடுதிகளுக்கு நதிகளின் பெயர்: காவிரி, நர்மதா, தாமிரபரணி. கிண்டிக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த இடம் அது. புள்ளிமானும் வெளிமானும் குரங்கும் இன்றைக்கும் சக குடித்தனக்காரர்கள். குரங்குக்கு உணவு போடாதீர், ஜன்னலைச் சாத்திவிட்டுப் போங்கள் என்பதெல்லாம் அங்கே அன்றாட அறிவிப்பு. குரங்குகள் அதைப் படிப்பதில்லை என்பதால் சாம்பிள் பேப்பர் முதல் சாண்ட்விச் வரை போய்க்கொண்டேதான் இருக்கின்றன.

விடுதி நடுங்குவது வேறோர் அறிவிப்புக்கு. "காலவரையற்ற விடுமுறை. மாலைக்குள் அறைகளைக் காலி செய்யவும்." 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கல்லூரிகள் மூடப்பட்டன. 2009 ஜனவரி இறுதியில் ஈழப் போரை நிறுத்தக் கோரி மாணவர்கள் எழுந்தபோதும் கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை. 2013 மார்ச்சில் ஈழத் தமிழருக்காக உண்ணாவிரதங்கள் பரவியபோதும் அதே உத்தரவு. கட்சி மாறினாலும் ஆட்சி மாறினாலும் இந்தத் தாளில் வாசகம் மாறுவதில்லை. கூட்டம் சேரும் இடத்தை மூடிவிட்டால் கூட்டம் கலையும் என்பது கணக்கு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் அந்தக் கணக்கு பொய்த்தது: வகுப்பில்லாத பிள்ளைகள் நேராக மெரினாவுக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

அந்தத் தாள் ஒட்டிய மதியம் ஒரு பெண்கள் விடுதியில் நடப்பதை யோசியுங்கள். மெஸ் அடுப்பு அணைந்துவிடும். ஒரு மாணவியின் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மலைக் கிராமம். கடைசி பஸ் ஆறு மணிக்கு. கையில் இருநூறு ரூபாய். வீட்டில் போன் எடுக்க ஆள் இல்லை. போராட்டத்தில் அவள் கலந்துகொண்டிருக்கவே மாட்டாள். யாரைக் குறிவைத்து எழுதினார்களோ அவர்கள் நண்பர் வீட்டில் தங்கிக்கொள்வார்கள்.

குரூப்பில் போட்டாச்சே!

இப்போது எல்லாம் வாட்ஸ்அப். துறைக்கு ஒரு குரூப், வகுப்புக்கு ஒரு குரூப், ஆசிரியர் இல்லாத குரூப் ஒன்று. சர்குலர் நோட்டு வருவதற்கு முன்பே அதன் போட்டோ வந்துவிடுகிறது. வேகம் நல்லதுதான். நவம்பர் மழையில் இதன் அருமை தெரியும்: விடிய விடிய மழை கொட்ட, கலெக்டர் விடுமுறை விட்டாரா என்று ஐந்து மணிக்கே தேடல் தொடங்கும். 'பள்ளிகளுக்கு மட்டும்' என்று வந்தால் கல்லூரிப் பிள்ளைகளின் சாபம் மேகத்தையே கலைத்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தேர்வுகள் தள்ளிப்போன செய்தி, கரன்ட் இல்லாத வீடுகளுக்கும் பக்கத்து வீட்டுப் போன் வழியாகப் போனது.

ஆனால் பழைய பிரச்சினை இங்கே புது உருவில் நிற்கிறது. 'போர்டில் போட்டாச்சே' என்பது 'குரூப்பில் போட்டாச்சே' என்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ரீசார்ஜ் தீர்ந்தவர், தம்பியோடு ஒரே போனைப் பகிர்ந்துகொள்பவர், இருநூறு குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் தேர்வுக் கட்டணத் தேதியைத் தவறவிட்டவர் என்று விடுபடுவோர் பட்டியல் அப்படியே இருக்கிறது. கூடவே போலிச் சர்குலர்கள். போன வருஷத்துத் தாளில் தேதியை மட்டும் மாற்றி 'தேர்வு ஒத்திவைப்பு' என்று யாரோ அனுப்ப, அதை மறுத்துப் பல்கலைக்கழகம் இன்னொரு அறிவிப்பு வெளியிட, எது அசல் என்று தெரியாமல் பிள்ளைகள் ராத்திரி முழுக்க முழித்திருப்பார்கள். பலகையில் ஒட்டிய தாளுக்கு ஒரு நாளும் கையெழுத்தும் உண்டு, நான்கு பேர் சாட்சி உண்டு. குரூப்பில் போட்டதை 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' செய்துவிட்டால் என்ன போட்டார்கள் என்பதற்குத் தடயம் கிடையாது.

அறிவிப்பை வேலி தாண்டிக் கொண்டுபோன முயற்சி ஒன்று கிண்டியில் நடந்தது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 2004 பிப்ரவரி 1 அன்று ஒலிக்கத் தொடங்கிய அண்ணா எஃப்.எம். 90.4, இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. சில கிலோமீட்டர் சுற்றளவுதான். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி கிடையாது. அந்த வரம்புக்குள்ளும் சுற்றுவட்டாரக் குடியிருப்புப் பெண்கள் மைக் முன் உட்கார்ந்து உடல்நலம், சேமிப்பு, பிள்ளைகள் படிப்பு பற்றிப் பேசினார்கள். வளாகத்தில் வேலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களின் தெருவுக்கும் பல்கலைக்கழகத்தின் குரல் போனது. மற்றப் பல்கலைக்கழகங்கள் இதைப் பார்த்தாவது தங்கள் கூம்பு ஒலிபெருக்கிகளை விழா நாளைத் தவிர வேறு நாளிலும் பயன்படுத்தியிருக்கலாம்.

கிழியக் கூடாத தாள்

எல்லாத் தாளும் ஒரே எடை அல்ல. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு 1997ல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். யு.ஜி.சி. 2009ல் நாடு முழுமைக்கும் விதிமுறை வகுத்தது. ஒவ்வொரு ஜூனிலும் வளாகங்களில் ஒட்டப்படும் ராகிங் எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் சாவு இருக்கிறது. அதைப்போலவே, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளகப் புகார்க் குழுவை அமைத்த உத்தரவை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்தாக வேண்டும். சில இடங்களில் ஓய்வு பெற்றுப் போன பேராசிரியையின் பெயரோடு அந்தத் தாள் வெளுத்துத் தொங்குகிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குள்ளேயே மாணவி ஒருவருக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு, அடையாள அட்டைச் சோதனை, இரவு நேரக் கட்டுப்பாடு என்று பல வளாகங்களில் சுற்றறிக்கைகள் பறந்தன. கட்டுப்பாடுகளை எழுத எல்லோருக்கும் கை வருகிறது. எங்கே போய்ச் சொல்வது, யாரிடம் சொல்வது என்ற ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதத்தான் வரவில்லை.

பதிவாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் கேட்க வேண்டியது அதிகமில்லை. மாணவருக்கான அறிவிப்பைத் தமிழிலும் எழுதுங்கள். குரூப்பில் போட்டாலும் பலகையிலும் ஒட்டுங்கள். ஒட்டிய நாளிலிருந்து குறைந்தது பத்து வேலை நாளாவது கழித்துக் கடைசித் தேதி வையுங்கள். பாக்கிப் பட்டியலைச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வரும் ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டணக் கவுன்டரிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அலுவலக வாசல் பலகை முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ராகிங் தடுப்புக் குழுவின் தொலைபேசி எண்ணும், உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும், இந்த ஆண்டுத் தேதியோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே போய்க் கேளுங்கள்.